களைச்செடிகளின் பூக்கள்: படம் கூர்மையாக வருகிறது, கண்ணுக்குத் தெரிந்த அழகு வரவில்லை

தரைமட்டம் (கேள்வி)

வணக்கம். ஓராண்டுக்கும் மேலாகக் களைச்செடிகளின் பூக்களை மட்டுமே படம் எடுத்து வருகிறேன். முன்பு பறவைகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தவன். முழங்கால் வலி வந்து நடை குறைந்தபோது, உட்கார்ந்த இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை விஷ்ணுகிரந்தியும் வெட்டுக்காயப் பூண்டும் அம்மான் பச்சரிசியும்தான் என்பதால், வேறு வழியின்றி அவற்றின் பக்கம் திரும்பினேன். இப்போது வலி குறைந்துவிட்டது. ஆனாலும் பறவைகளிடம் திரும்பிப் போக மனம் வரவில்லை.

என் சிக்கலைச் சொல்கிறேன். விஷ்ணுகிரந்திப் பூவின் அகலம் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். குனிந்து பார்க்கும்போது அந்த நீலம் மூச்சை நிறுத்துகிறது; நடுவில் வெள்ளையாக நிற்கும் மகரந்தப்பைகள் ஐந்தையும் எண்ணிவிட முடிகிறது. அதையே படம் எடுத்துத் திரையில் பார்த்தால், செடிகளை இனங்காண்பதற்காக எடுத்த பதிவைப் போல இருக்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, எதுவும் ஈர்க்கவில்லை. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் சிறு பொருள்களை மிக நெருங்கி எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைப் பொருத்தி, முக்காலியில் நிறுத்தி, செடிக்கு மேலிருந்து கீழ்நோக்கி, எஃப் 16 துளையில் எடுக்கிறேன். இதழின் நுனிகூட மங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு சிறிய துளை. எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

புல்நுனி

நண்பரே, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: மேலிருந்து கீழ்நோக்கி, எஃப் 16.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சென்சாரின் அகலம் 36 மி.மீ. மேக்ரோ லென்ஸ் தரும் 1:1 உருப்பெருக்கத்தில், பூ எவ்வளவு பெரியதோ அதே அளவில்தான் அதன் பிம்பமும் சென்சாரில் விழுகிறது. ஏழு மில்லிமீட்டர் பூ, சட்டத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அடைக்கும். அப்படியானால் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் பின்னணியின் படம். அதன் நடுவில் ஒரு பூவும் இருக்கிறது. மேலிருந்து எடுக்கும்போது பூவுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழேயே தரை வந்துவிடுகிறது. அங்குள்ள காய்ந்த சருகு, கூழாங்கல், அறுந்த புல் எல்லாம் பாதி மங்கியும் பாதி தெளிந்தும் பூவோடு போட்டி போடுகின்றன. எஃப் 16 வைத்து அந்தப் போட்டிக்கு நீங்களே உரமும் இடுகிறீர்கள்.

படுத்துவிடுங்கள். லென்ஸின் நடுப்புள்ளியும் பூவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். அப்போது பூவுக்குப் பின்னால் இருப்பது மூன்று சென்டிமீட்டர் தொலைவிலுள்ள தரையாக இராது, சில மீட்டர் தள்ளியிருக்கும் புல்வெளியாகவோ புதரின் நிழலாகவோ இருக்கும். அது முழுதும் கரைந்து ஒரே நிறப்பூச்சாகிவிடும். முக்காலி அந்த உயரத்துக்கு இறங்காவிட்டால் அதை விட்டுவிட்டு, மணலோ அரிசியோ நிரப்பிய சிறு துணிப்பையின்மேல் கேமராவை வையுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

துளையைப் பற்றியும் ஒரு சொல். 1:1 உருப்பெருக்கத்தில் எஃப் 16 நடைமுறையில் எஃப் 32 போலச் செயல்படுகிறது. அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது படம் முழுவதையும் சற்றே மழுங்கச் செய்துவிடும். துளையை எஃப் 8-க்குப் பெரிதாக்கினால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அது போதாது என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு மில்லிமீட்டரைப் பூவின் எந்த இடத்துக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் இங்கே உங்கள் வேலை.

கைப்பேசிக்காரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். என்னிடம் கேமரா இல்லை, கைப்பேசி மட்டுமே இருக்கிறது. அதன் மேக்ரோ வசதியில் பூவிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க முடிகிறது. ஆனால் கைப்பேசியின் நிழலே பூவின்மேல் விழுந்துவிடுகிறது. பின்னணியும் கரைவதில்லை. இந்தப் பேச்சு எனக்குப் பொருந்துமா?

புல்நுனி

நன்றாகவே பொருந்தும், அம்மா. கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். லென்ஸ் உள்ள விளிம்பு தரையைத் தொடும். கேமராக்காரர்கள் மண்ணில் முகம் புதைத்தாலும் எட்ட முடியாத உயரம் உங்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடும். நிழலைத் தவிர்க்க, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல கைப்பேசிகளில் மேக்ரோ என்பது அகலப் பார்வை லென்ஸின் வேலை என்பதால் பின்னணி நிறைய உள்ளே வரும். கரையாத பின்னணியை மறைக்க முயலாமல் படத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொள்வது நல்லது: முன்னால் பெரிதாகத் தும்பை, பின்னால் அது வாழும் வரப்பும் வானமும் என்று எடுத்துப் பாருங்கள்.

தும்பை என்றதும் நினைவுக்கு வருகிறது. கரும்பச்சைப் பின்னணியில் சிறு வெள்ளைப் பூ இருந்தால், கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூவின் கீழுதடு வெறும் வெள்ளைத் தாளாக வெளிறிப்போகும். வெளிச்சத்தை முக்கால் படியோ ஒரு படியோ குறைத்து எடுங்கள். கைப்பேசியில் பூவைத் தொட்டுவிட்டு, விரலைக் கீழே இழுத்தால் பெரும்பாலும் அதுவே நடக்கும்.

இலைக்கோணம்

புல்நுனி சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதை அவர் கேள்வியாகவே விட்டுவிட்டார். தாவரவியல் கற்பிப்பவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத விரும்புகிறேன்.

வெட்டுக்காயப் பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவன்று. சூரியகாந்தியைப் போலவே அது ஒரு பூக்கூட்டம். ஓரத்தில் இதழ் போல விரிந்திருக்கும் ஐந்தாறு வெண்மஞ்சள் மடல்களில் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதன் நுனியில் மூன்று பற்கள் இருப்பதைப் பார்க்கலாம். நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் பல சிறு குழல் பூக்களின் தொகுப்பு. அவை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக மலர்கின்றன. ஒவ்வொரு குழலிலும் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓர் உறையாக இருக்கும். உள்ளிருந்து மேலெழும் சூல்தண்டு மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பிறகு இரண்டாகப் பிளந்து சுருளும். ஆகவே எந்தக் காலையிலும் அந்த ஒரு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் மொட்டும், மகரந்தம் தள்ளும் பூவும், முடிந்துபோன பூவும் அடுத்தடுத்த வளையங்களாக இருக்கின்றன. இதைத் தெரிந்தவர் ஃபோகஸை ஓரத்து வெள்ளை மடலில் வைக்க மாட்டார். சுருள் விரியும் அந்த மஞ்சள் வளையத்தில் வைப்பார்.

அம்மான் பச்சரிசியில் இன்னும் வேடிக்கை. அரிசிமணி அளவுகூட இல்லாத அந்தக் கிண்ணங்களில் ஒவ்வொன்றுக்குள்ளும், ஒரே ஒரு மகரந்தத்தாளாகச் சுருங்கிவிட்ட ஆண் பூக்கள் சிலவும், நடுவில் ஒரு பெண் பூவும் இருக்கின்றன. கருவுற்றதும் பெண் பூ தன் காம்பில் நீண்டு, முப்பட்டைக் காயாகக் கிண்ணத்துக்கு வெளியே வந்து தொங்கும். அந்தத் தொங்கலைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் அதன் மேலுள்ள மயிர்கள் வெள்ளி இழைகள் போல ஒளிரும். மேலிருந்து எடுத்தவருக்குப் பச்சையாக ஒரு கட்டி மட்டுமே கிடைத்திருக்கும். தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்தில் நம் கண்ணுக்குத் தெரிவது இதழ்கள் அல்ல, மகரந்தத்தாள்களின் காம்புகள்; அங்கே பந்தின் நடுவில் ஃபோகஸ் வைத்துப் பயனில்லை, நம்மை நோக்கி நீண்டிருக்கும் முனைப் புள்ளிகளில் வைக்க வேண்டும். கீழாநெல்லிக்கோ பூவெல்லாம் இலைவரிசைக்கு அடியில்தான். கைப்பேசிக்காரி தம் கைப்பேசியை மல்லாத்தித் தரையில் வைத்து மேல்நோக்கி எடுத்துப் பார்க்கலாம்.

புல்லையும் மறந்துவிடாதீர்கள். புல் பூக்கும் என்பதையே பலர் கவனிப்பதில்லை. காற்றை நம்பி மகரந்தம் பரப்புவதால் அதற்கு நிறமான இதழ் தேவைப்படவில்லை. ஆனால் பூக்கும் சிறிது நேரம், மெல்லிய நூலில் தொங்கும் மகரந்தப்பைகளும் இறகு போல விரிந்த சூல்முடிகளும் கதிர் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும். என் மாணவர்கள் வில்லை வழியாக அதை முதன்முறை பார்க்கும்போது எழும் கூச்சலுக்காகவே நான் ஆண்டுதோறும் அந்தப் பாடத்தைக் கதிர் பூக்கும் பருவத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503-இல் ஒரு பிடி புல்தரையை, தரையோடு தரையாகக் கண்ணை வைத்து நீர்வண்ணத்தில் தீட்டினார். அதில் புல்லும் சீமைக் காட்டுமுள்ளங்கி (டேன்டிலயன்) போன்ற களைகளும்தான் இருக்கின்றன, பேர்பெற்ற தோட்டமலர் எதுவும் இல்லை. ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) பெர்லினில் மாணவர்களுக்கு வடிவமைப்பு கற்பிப்பதற்காக, தாமே அமைத்த கேமராவில் சாதாரணச் செடிகளின் மொட்டுகளையும் தண்டுகளையும் முப்பது மடங்கு வரை பெருக்கிப் படம் எடுத்தார். அவர் நிறத்தைக்கூட நம்பவில்லை. வெற்று அட்டையைப் பின்னால் வைத்து வடிவத்தை மட்டும் பேசவிட்டார்.

நடுக்கமில்லாதவன்

இலைக்கோணம் அவர்களின் பதிவு அருமை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைத்தால், அவர் சொன்ன மூன்று வளையங்களையும் ஒரே படத்தில் கூர்மையாகக் காட்டலாம். பின்னணியோ எஃப் 8-க்கு உரிய மென்மையுடனேயே இருக்கும். வெளியில் காற்று விடாது என்பதால் நான் காம்போடு பறித்து வந்து வீட்டில் வைத்து எடுக்கிறேன். களைதானே, எப்படியும் யாரோ பிடுங்கத்தான் போகிறார்கள். பிளாஸ்ஃபெல்ட்டும் பறித்துத்தான் எடுத்தார்.

இலைக்கோணம்

பிளாஸ்ஃபெல்ட் எடுத்தது வடிவத்தைக் கற்பிக்க. அதற்குப் பறித்த தண்டு போதும். இங்கே கேள்வி கேட்டவர் தேடுவது குனிந்தபோது அவர் கண்ட காட்சியை. விஷ்ணுகிரந்தியைப் பறித்து வீடு வந்து சேர்வதற்குள் அது சுருண்டிருக்கும். செடியில் இருக்கும்போதே காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும் பூ அது. இணைப்புப் படங்களை நான் குறை சொல்லவில்லை, என் வகுப்பறைச் சுவரில் அவைதான் இருக்கின்றன. ஆனால் இதழும் காம்பும் மகரந்தமும் ஒரே கூர்மையில் இருக்கும்போது கண்ணுக்கு எங்கே போவது என்று தெரிவதில்லை. அவர் எஃப் 16-இல் பட்ட அதே அவதி வேறு வழியாகத் திரும்பி வரும்.

காற்றுக்கு ஒரு வழி: சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். அப்போதும் ஆடினால், ஒரு குச்சியை அருகில் நட்டு, துணி மாட்டும் கிளிப்பால் காம்பை மெல்லத் தாங்கிப் பிடிக்கலாம். கிளிப்பின் வாயில் பஞ்சு வைக்க மறக்காதீர்கள்.

தரைமட்டம்

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் காலையில் முயன்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் நாள் நெருஞ்சி முள்ளின்மேல் முழங்கையை ஊன்றினேன் என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் எஃப் 8 வைத்து, அரிசிப் பையின்மேல் கேமராவைக் கிடத்தி, விஷ்ணுகிரந்தியின் உயரத்துக்கு இறங்கினேன். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பாமல், வளையத்தை 1:1-இல் நிறுத்திவிட்டு என் உடலையே முன்னும் பின்னும் அசைத்து எடுத்தேன். நூற்றுப் பதினான்கு படங்களில் நூற்றுப் பத்து குப்பை. மீதி நான்கில் ஒன்றில், முன்னாலிருக்கும் இரண்டு மகரந்தப்பைகள் மட்டுமே கூர்மையாக இருக்கின்றன; இதழ் முழுவதும் நீலப் புகையாக இருக்கிறது; பின்னால் தொலைவிலுள்ள புதரின் நிழல் கருமையாக விழுந்து, அந்த நீலத்தை இன்னும் நீலமாக்குகிறது. ஒரு மகரந்தப்பையின் ஓரத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தன் கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறது. படம் எடுக்கும்போது அது அங்கிருந்ததே எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்த என் மகள் முதலில் கேட்டது, "அப்பா, இது எந்த ஊர்ப் பூ?" என்றுதான். அவள் நாள்தோறும் அதைத் தாண்டித்தான் போகிறாள்.

மூன்றாம் நாள் நாயுருவியிடம் போனேன். நீண்ட கதிரில் மேலே மொட்டுகள், நடுவில் விரிந்த பூக்கள், அதற்கும் கீழே காம்போடு ஒட்டித் தலைகீழாக மடிந்த காய்கள். கதிர் முழுவதையும் எடுக்கப் போனால் மீண்டும் இனங்காணும் பதிவாகிவிடுகிறது. கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்பது பிடிபடவில்லை.

இலைக்கோணம்

விரிந்த பூக்கள் முடிந்து, அடுத்தது கீழ்நோக்கி மடியத் தொடங்கும் இடம் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று பூக்களின் அகலம்தான். லென்ஸை அதற்கு நேராக வையுங்கள், மற்றவை மேலும் கீழும் மங்கிப் போகட்டும். எழுந்திருக்கும்போது மட்டும் கவனம்: மடிந்த காய்கள் துணியில் ஒட்டிக்கொண்டால், படம் எடுத்த நேரத்தைவிடப் பிய்த்தெடுக்கும் நேரம் கூடுதலாகும்.