கண்வழிப் பறப்பும் கருவிவழிப் பறப்பும்: டூலிட்டில் கட்டுரைக்கான சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க வான்படைத் தளபதி ஜேம்ஸ் டூலிட்டிலைப் பற்றிய கட்டுரைக்காகத் தமிழ்ச் சொல் கேட்கப்பட்ட ‘இன்ஸ்ட்ருமென்ட் ஃபிளையிங்’ (வெளியே பார்க்காமல், விமானத்திலுள்ள கருவிகளைப் பார்த்தே செலுத்துவது) என்பதற்குக் குருட்டுப் பறப்பு, கருவிப் பறப்பு, மானிப் பறப்பு என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கான காரணங்களை டூலிட்டில் செய்த செயலிலிருந்தே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கை அடுத்த மிட்செல் ஃபீல்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடாக்கு இடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, அவர் விமானத்தை மேலெழுப்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் தரையிறக்கினார். பாதுகாப்புக்காக முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெஞ்சமின் கெல்சி விசைகளைத் தொடவில்லை. புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை கருவிகளை மட்டுமே கொண்டு நடந்த முதல் பறப்பு இதுதான்.

அக்காலத்தில் ஆங்கிலத்திலும் இதனை ‘பிளைண்ட் ஃபிளையிங்’ என்றுதான் அழைத்தார்கள் என்பதால் ‘குருட்டு’ என்ற அடைமொழியை ஆதரிப்போர் உள்ளனர். ஆனால் மூடாக்கினுள் இருந்த விமானி ஒரு கணமும் பார்ப்பதை நிறுத்தவில்லை. பார்க்கும் பொருள்தான் மாறியது. மேகத்துக்குள் இருப்பவருக்கு உட்செவி தவறான செய்தி தருகிறது: மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் நேராகச் செல்வதாகவே உடல் உணரும். அந்த உணர்வை ஒதுக்கிவிட்டு முகப்புப் பலகை காட்டுவதை நம்புவதே இத்திறனின் உயிர். ‘குருட்டுத்தனமாக’ என்று நாம் வழங்கும் பொருளுக்கு இது நேர் எதிரானது. தவிர, ஓர் உடற்குறையைப் பெயரடையாக்கும் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை.

அளக்கும் கருவியைக் குறிக்கும் ‘மானி’ என்ற சொல் உயரமானிக்குச் சரியாகப் பொருந்தும். கோல்ஸ்மன் உருவாக்கிய நுண்ணிய உயரமானி அன்றைய வெற்றிக்கு இன்றியமையாததாகவும் இருந்தது. ஆனால் அதே பலகையிலிருந்த ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானம் அளவு எதையும் எண்ணாகச் சொல்லாமல், இறக்கைகள் அடிவானத்துக்கு எப்படிச் சாய்ந்துள்ளன என்பதைப் படமாகவே காட்டியது. தரையிலிருந்து அனுப்பப்பட்ட வானொலிக் கற்றையைப் பின்பற்றி வருவதற்கு உதவிய இரு அதிர்தகடுகளும் பாதையிலிருந்து விலகியதை மட்டுமே உணர்த்தின. எல்லாவற்றையும் ‘மானி’ என்பது மிகை. ‘கருவிப் பறப்பு’ என்பதோ ‘கருவியின் பறப்பு’ என்றும் விரியும். ட்ரோன்கள் பறக்கும் இக்காலத்தில் அந்தக் குழப்பம் உறுதியாக வரும்.

ஆகவே ‘கருவிவழிப் பறப்பு’ என்பதை முன்மொழிகிறேன். இதற்கு இணையாக வெளியே பார்த்துச் செலுத்துவதைக் ‘கண்வழிப் பறப்பு’ எனலாம். மோனை அமைந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

இச்சொல் மாணவப் பருவ ஆய்வு முதல் தளபதிப் பதவி வரை அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் ஈடுகொடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். 1922இல் ஃபுளோரிடாவிலிருந்து சான் டியாகோவுக்கு ஒரே ஒரு நிறுத்தத்துடன் 21 மணி 19 நிமிடத்தில் பறந்ததும், 1925இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) வானூர்தியியலில் முனைவர் பட்டம் பெற்றதும் எளிதில் எழுதக்கூடிய பகுதிகள். சிக்கல் 1942 ஏப்ரல் 18இல் வருகிறது. ஹார்னெட் கப்பலிலிருந்து 16 குண்டுவீச்சு விமானங்களுடன் ஜப்பானைத் தாக்கச் சென்ற டூலிட்டிலின் அணி, எதிரியின் காவற்படகு கண்டுவிட்டதால் திட்டமிட்டதற்கு முன்னரே புறப்பட நேர்ந்தது. அவற்றுள் ஒன்று சோவியத் மண்ணில் இறங்கியது. மற்ற 15 விமானங்கள் இரவிலும் மழையிலும் சீனக் கரையை அடைந்தபோது, தரையிலிருந்து வரவேண்டிய வானொலிக் குறிகள் வரவில்லை. மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்துப் பறக்க முடிந்தது. எங்கே இறங்குவது என்பதைத்தான் கருவிகளால் சொல்ல முடியவில்லை. எரிபொருள் தீர்ந்ததும் டூலிட்டில் உட்படப் பெரும்பாலோர் பாராசூட்டில் குதித்தனர்.

இதனால் ‘கருவிவழிப் பறப்பு’ ஒரு சொல்லாகவும், ‘கருவிவழித் தரையிறக்கம்’ தனிச் சொல்லாகவும் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முன்னதற்கு விமானத்திலுள்ள கருவிகள் போதும். பின்னதற்குத் தரையின் துணையும் வேண்டும். 1944 சனவரியில் இங்கிலாந்தில் அமெரிக்காவின் எட்டாம் வான்படையின் பொறுப்பேற்ற டூலிட்டில், வானிலை கெட்டபோது புறப்பட்டுவிட்ட விமானங்களையே திருப்பி அழைத்தார். மேகத்துக்கு மேலே ஏறிச் செல்வதும் அதன் ஊடாக ஓடுபாதைக்கு இறங்குவதும் வேறுவேறு என்பதைத் தம் கைகளாலேயே அறிந்திருந்த தளபதியின் முடிவாக இதனைக் கட்டுரை காட்ட வேண்டுமானால், இவ்விரு சொற்களும் கலந்துவிடக் கூடாது.

‘செயற்கை அடிவானம்’ என்பதை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ‘போலி அடிவானம்’ என்ற பரிந்துரை, விமானி நம்ப வேண்டிய ஒன்றைப் பொய்யெனச் சுட்டுகிறது. மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லுடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.