நம்ம வீட்டுத் தோட்டம் (குடும்பக் குழு)

கவிதா: [படம்] பெரியம்மா, செம்பருத்தித் தொட்டியில் எறும்பு வரிசையாக ஏறுகிறது. மொட்டெல்லாம் விரியாமலே உதிர்கிறது. எறும்புப் பொடி தூவிவிடட்டுமா?

சித்தி: பொடி வேண்டாம் கண்ணு. பக்கத்திலேயே கீரைத்தொட்டி இருக்கிறது.

பெரியம்மா: மொட்டு உதிர்வது எறும்பால் இல்லை. காம்பைக் கிட்டே வைத்து ஒரு படம் அனுப்பு.

கவிதா: [படம்] வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. இலையைத் தொட்டால் பிசுபிசுக்கிறது.

பெரியம்மா: மாவுப்பூச்சி. சாறை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு நீரைக் கழிக்கும். எறும்பு வருவது அதைக் குடிக்கத்தான். குடித்துவிட்டுச் சும்மா போகாது, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் கடித்து விரட்டும். மாவுப்பூச்சி போனால் எறும்பு தானாகப் போய்விடும்.

கோவை மாமா: அக்கா சொல்வது சரி. 2008-ல் இங்கே பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்துக்கு அடங்கவே இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அவை மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். அதற்கப்புறம்தான் விவசாயிகள் மூச்சு விட்டார்கள்.

கவிதா: சரி மாமா. இப்போது நான் என்ன செய்ய?

பெரியம்மா: ரொம்ப அப்பியிருக்கும் நுனிகளை வெட்டிக் கவரில் போட்டுக் கட்டு. மற்றதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு. வெயில் தாழ்ந்ததும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் அடி. எண்ணெயில் முதலில் காதி சோப்புக் கரைசலைக் கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர், இல்லாவிட்டால் மேலே மிதக்கும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். வாரம் ஒரு தடவை போதும்.

அத்தை: அண்ணி, என் தக்காளித் தொட்டியைத் தட்டினால் எறும்பு முட்டையோடு கொத்தாக வருகிறதே?

பெரியம்மா: மண் காய்ந்து கிடந்தால் குடிவந்துவிடும். நார்க்கழிவு அதிகம் போட்ட தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். வாளித் தண்ணீரில் தொட்டியை விளிம்பு வரை அரை மணி நேரம் இறக்கி வை. ஒரு குச்சியை வெளியே சாய்த்துவிடு, முட்டையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறிப் போகும். கொதிநீர் மட்டும் ஊற்றாதே, வேர் வெந்துவிடும்.

சித்தி: நான் ஸ்டாண்டு கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறேன். இலை சுவரில் உரசினால் அந்த வழியாக வந்துவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோவை மாமா: கவிதா, அடிப்பதற்கு முன்னால் ஒன்று பார். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க, வேகமாக நகர்ந்தால் அது பொறிவண்டுப் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதுதான்.

கவிதா: [படம்] இதுவா மாமா? மேல்கிளையில் இரண்டு இருக்கிறது.

கோவை மாமா: அதேதான்! அந்தக் கிளையை வெட்டாதே, வேப்பெண்ணெயும் வேண்டாம்.

பெரியம்மா: அப்படியானால் இன்றைக்கு எறும்பை மட்டும் தடு. அடித்தண்டில் துணி சுற்றி அதன்மேல் வாசலின் கனமாகத் தடவு. எறும்பு ஏறாவிட்டால் புழு தன் வேலையைப் பார்க்கும்.

கவிதா: வாசலின் இருக்கிறது பெரியம்மா. இப்போதே சுற்றுகிறேன்.

சித்தி: கிளை எதுவும் சுவரைத் தொடாமல் தொட்டியைத் தள்ளி வை.