தாடையில் லேசர் செய்த பிறகு கழுத்துவரை முடி பரவுகிறது

ஊர் மதுரை, வயது 29, மாநிறம், பிசிஓஎஸ் (முகத்தில் முடி வளரச் செய்யும் ஹார்மோன் கோளாறு) உண்டு. ஜனவரியிலிருந்து முடி நீக்க மாதம் ஒருமுறை தாடைக்கு 810 நானோமீட்டர் டயோடு லேசர். நடுத்தாடையில் முடி மெலிந்துவிட்டது. ஆனால் காதடியிலிருந்து கழுத்துவரை, லேசர் நேராகப் படாத ஓரத்தில், பூனைமுடி கறுத்துத் தடித்து வளர்கிறது. தோல் கறுத்துவிடுமென்று ஆற்றலைக் குறைவாகவே வைத்தார்கள். அது வேரைக் கொல்லாமல் தூண்டிவிட்டிருக்கும் என்பதே என் கணிப்பு.

டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. ஆண் ஹார்மோனைத் தடுக்க மருத்துவர் எழுதிய ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையை மூன்று மாதமாக எடுக்கிறேன் (கர்ப்பகாலத்தில் கூடாது; எனக்கு அந்தத் திட்டம் இப்போது இல்லை). வேரோடு பிடுங்கினால் லேசருக்குப் பிடிமானம் இருக்காது, அதனால் வேக்ஸ், த்ரெட்டிங் இரண்டையும் விட்டு ஷேவ் மட்டும்தான். கிளினிக்கில் அதே மெஷினில் தொடரச் சொல்கிறார்கள்.

இதே மாதிரி முடி பரவியவர்களுக்கு எது கைகொடுத்தது: தோலில் இன்னும் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரா, ஒவ்வொரு வேரையும் ஊசி வழியே மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ரோலிசிஸா?