கல்யாண மண்டபப் பார்க்கிங்: தாரா, பேவர் பிளாக்கா?

மண்டபத்துக்காரன்:
அருப்புக்கோட்டைப் பக்கம் மண்டபம் வெச்சிருக்கேன். பார்க்கிங் 12,000 சதுர அடி, வெறும் மண்ணு. போன ஐப்பசி முகூர்த்தத்துல மாப்பிள்ளை காரையே நாலு பேர் தள்ள வேண்டியதாப் போச்சு. கான்ட்ராக்டர் தார் போடச் சொல்றார், மச்சான் பேவர் பிளாக்ங்கிறார். ஒட்டியே என் வீட்டு வாசல் 300 சதுர அடி, அதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

நிழல்தேடி:
தார் வேண்டவே வேண்டாம் சார். எங்க அபார்ட்மென்ட்ல சித்திரை வெயிலுக்கு ஒரு பைக்கோட சைடு ஸ்டாண்டு தாருக்குள்ள இறங்கி, அது சாய்ஞ்சு, வரிசையா ஏழு வண்டி படுத்துருச்சு. டீசல் சொட்டின இடமெல்லாம் ஜல்லி பேர்ந்து வருது.

ரோலர்வண்டி:
என்ன கிரேடு தார் ஊத்தினாங்கன்னு கேட்டீங்களா? விஜி 10ங்கிற இளக்கமான ரகம் குளிர்ப் பிரதேசத்துக்கு. நம்ம வெயிலுக்கு விஜி 30க்குக் கீழே போகக் கூடாது.

நிழல்தேடி:
விஜி 30 இளகுநிலையே, அதாவது தார் இளக ஆரம்பிக்கிற சூடே, குறைஞ்சது 47 டிகிரின்னுதான் தரக்குறிப்பு சொல்லுது. மே மாசம் தார்த்தரை 60 டிகிரியைத் தொடுமே?

ரோலர்வண்டி:
அது வெறும் தாரை வளையத்துல ஊத்தி, மேல இரும்புக் குண்டு வெச்சுப் பார்க்கிற சோதனை. தளத்துல பாரம் சுமக்கிறது ஜல்லி. கலவையில தார் நூத்துக்கு அஞ்சு பங்குதான். ரோலர் ஒழுங்கா ஓடியிருந்தா கார் டயருக்கு அமுங்காது. சைடு ஸ்டாண்டு சங்கதி மட்டும் நிஜம், ஒத்துக்கறேன். பைக் நிறுத்துற ஓரத்துக்குப் பேவர் போட்டுக்கங்க.

மதுரைக்காரன்:
பிளாஸ்டிக் கலந்தா இந்தப் பிரச்சினையே வராதே? எங்க தியாகராசர் காலேஜ் வாசுதேவன் சாருக்கு 2018ல பத்மஸ்ரீ அதுக்குத்தானே!

ரோலர்வண்டி:
நல்ல முறைதான். சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் உருகிப் படிஞ்சா தண்ணி உள்ள போகாது. ஆனா கீழ இருக்கிற மண்ணை அது என்ன பண்ணும்?

வீட்டு வாசலுக்கு நானே தார் வேண்டாம்னுதான் சொல்வேன். 2 அங்குல கனத்துக்குச் சதுர அடிக்குப் பத்தே முக்கால் கிலோ கலவை, ஆக 300 அடிக்கு மூணேகால் டன். இத்தனூண்டுக்கு எந்தத் தார்க்கலவை பிளாண்டு டிப்பர் அனுப்பும்? டிரம்முல விறகு வெச்சுக் காய்ச்சுவாங்க, தார் கருகி ஒட்டாமப் போயிரும். பார்க்கிங்குக்கு 129 டன்னு. அதுக்கு பிளாண்டுல இருந்து சூடா வரும், அன்னைக்கே ரோலர் ஓட்டி முடிச்சிரலாம்.

நிழல்தேடி:
ஒரு இடம் உள்வாங்கினா பேவரைப் பெயர்த்து, டஸ்ட் (ஜல்லித் தூள்) நிரவி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். தார்ல பேட்ச்தான், ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி.

ரோலர்வண்டி:
கரிசல் மண்ணா இருந்தா ஒரு இடமா உள்வாங்கும்? மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, உங்க பேவர் கடலலை மாதிரி நிக்கும். தாரும் வெடிக்கும், சந்தேகமில்ல. மண்டபத்துக்காரரே, முதல்ல ரெண்டடி தோண்டிப் பாருங்க. கரிசலா இருந்தா அள்ளிட்டு கிராவல் நிரப்பி, மேல வெட்மிக்ஸ் (தண்ணி கலந்த ஜல்லிக் கலவை) போட்டு ரோலர் உருட்டணும். 50 அடிக்கு ஒரு அடி வாட்டம் விடுங்க. தண்ணி நின்னா ரெண்டு தளமும் போச்சு.

மண்டபத்துக்காரன்:
இன்னைக்குக் காலையில கடப்பாரை போட்டேன் அண்ணே. அரையடிக்குச் செம்மண்ணு, அதுக்குக் கீழ கரிசல். கையில உருட்டினா கொழுக்கட்டை மாதிரி திரளுது. கான்ட்ராக்டர் குடுத்த எஸ்டிமேட்டுல தோண்டுறதுக்கு ஒரு வரியும் இல்ல. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன்.