மறு: ஊட்டச்சத்து நோயெதிர்ப்பா, ஊட்டக் கரப்பா?

> "நியூட்ரிஷனல் இம்யூனிட்டி"க்கு "ஊட்டச்சத்து நோயெதிர்ப்பு" போதுமே. இதற்கு எதற்கு இத்தனை மடல்?

வணக்கம் ஐயா,

போதாது. நம் கலைச்சொல் பட்டியலில் அப்படி ஏற்றி, கட்டுரைக்கும் அப்படித் தலைப்பிட்டால் முருங்கைக்கீரை, நெல்லிக்காய் பற்றிய கட்டுரை என்றுதான் வாசகர் நினைப்பார். கொரோனா காலத்து விளம்பரங்கள் அந்த அளவுக்குப் பழக்கிவிட்டன. யூஜின் வெயின்பெர்க் 1975இல் இந்தச் சொல்லை ஆண்டது நேர்மாறான பொருளில்: கிருமிக்கு எட்டாதபடி உடல் இரும்பை ஒளித்துவைப்பது.

குடலில் நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா பாக்டீரியா குடற்சுவரைத் தாக்கியதும் அழற்சி மூண்டு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திரள்கின்றன. அவற்றின் உயிரணுக் கூழ்மப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி கால்புரொடெக்டின். துத்தநாகத்தையும் மாங்கனீசையும் அது இறுகப் பற்றிக்கொள்ளும். (மலத்தில் இதை அளந்துதான் குடலில் அழற்சி இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.) லிப்போகாலின்-2 என்ற புரதம் இன்னும் நுட்பமானது. அது வெறும் இரும்பைத் தொடுவதில்லை. இரும்பைக் கவர்ந்துவர பாக்டீரியா வெளியே அனுப்பும் என்டரோபாக்டின் என்ற சிறு மூலக்கூறை வழிமறித்துத் தன் குழிக்குள் அடைத்துவிடும். அத்தோடு சாதாரண ஈ.கோலை வகைகள் பலவற்றுக்குப் பட்டினிதான்.

ஆனால் சால்மொனெல்லா அதே என்டரோபாக்டினில் குளுக்கோஸை ஒட்டிவிடுகிறது. பருத்த மூலக்கூறு லிப்போகாலினின் குழிக்குள் நுழையாது. துத்தநாகத்தை உள்ளிழுக்கவும் அதனிடம் வலுவான கடத்தி உண்டு. ஆக, பட்டினி போட்டியாளர்களுக்கு, களம் சால்மொனெல்லாவுக்கு. போதாக்குறைக்கு, நியூட்ரோஃபில்கள் உமிழும் வினைமிகு ஆக்சிஜன் குடலிலுள்ள தயோசல்பேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றுகிறது. அதை வைத்துக்கொண்டு சால்மொனெல்லா ஆக்சிஜன் இல்லாமலே சுவாசிக்கும். மல மாதிரியில் சால்மொனெல்லாவைப் பெருக்க ஆய்வகங்கள் 1920களிலிருந்தே டெட்ராதயோனேட் ஊடகம் வைத்திருக்கின்றன. அழன்ற குடலும் அதையே தயாரித்துக் கொடுக்கிறது என்பது 2010இல்தான் வெளிவந்தது.

அதனால்தான் "எதிர்ப்பு" என்ற சொல் வேண்டாம் என்கிறேன். அது வெற்றியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. இங்கே உடல் செய்யும் செயலுக்குத்தான் பெயர் வேண்டும். யாருக்கு லாபம் என்பதைக் கட்டுரை சொல்லட்டும்.

"சத்துப் பதுக்கல்" என்றார் ஒரு நண்பர். கல்லீரல் இரும்பைச் சேமித்துவைப்பதற்குப் பொருந்தும்; லிப்போகாலின் முடக்குவது எதிரியின் கருவியை, அதைப் பதுக்கல் என்று சொல்ல முடியாது. "ஊட்ட மறுப்பு" என்றால் சாப்பிட மறுக்கும் குழந்தை நினைவுக்கு வருகிறது. என் வாக்கு "ஊட்டக் கரப்பு"க்கு. கேட்டு வருபவருக்கு இருப்பதை ஒளிப்பதைத்தான் வள்ளுவர் இரவு, இரவச்சம் அதிகாரங்களில் திரும்பத் திரும்பக் கரப்பு என்கிறார்.

ஒரு சிறு தொல்லை. கிருமி தங்கும் உயிரை, அதாவது "ஹோஸ்ட்"டை, விருந்தோம்பி என்கிறோம். "விருந்தோம்பி கரக்கிறது" என்று எழுதினால் சிரிப்பு வருகிறது. இந்தக் கட்டுரைகளில் மட்டுமாவது "ஓம்புயிர்" என்று வைத்துக்கொள்வோமா?

*

> என் வாக்கு "ஊட்டக் கரப்பு"க்கு.

தம்பி, எதிர்ப்பை நீக்கச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் கரப்பு என்று சொல்லிப் பாருங்கள், கரப்பான் பூச்சி என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. "உடல் இரும்பைக் கரக்கிறது" என்று வானொலியில் படித்தால் மாடு கறப்பதாகத்தான் காதில் விழும். வினைக்கு என்ன செய்வீர்கள்?

*

ஐயா, வினைக்கு "ஒளிக்கிறது" போதும். பெயருக்கு மட்டும் கரப்பு. எல்லா வடிவமும் ஒரே வேரில் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் நம் பட்டியல்களில் பாதி யாராலும் ஆளப்படாமல் கிடக்கிறது. மறுப்பில்லை என்றால் "ஊட்டக் கரப்பு" என்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். என்டரோபாக்டின் போன்றவற்றின் பொதுப்பெயரான சிடெரோஃபோர் இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறது. "இரும்பேந்தி" என்று தொடங்கி வைக்கிறேன், வெட்டுவோர் வெட்டலாம்.