‘ரிகுகுன்’ கடைசிக் காட்சி: பார்த்தவர்களின் அனுபவம்

முதல் பதிவு

1944இல் கெய்சுகே கினோஷிதா இயக்கிய ‘ரிகுகுன்’ (‘ராணுவம்’) என்ற இந்த ஜப்பானியப் படத்தைத் திரைப்படச் சங்கமொன்றில் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியும் அதன் முடிவு என்னை விடவில்லை. கதையை விவரிக்கத் தேவையில்லை: ராணுவ அமைச்சகத்தின் ஆதரவில் எடுத்த படம், ஆண்பிள்ளை பேரரசர் ஒப்படைத்த பொருள் என்று பேசும் தாய். மகன் போருக்குப் புறப்படும் நாளில் வீட்டிலேயே தங்கிவிடும் அவள், படைவீரர்களுக்கான அரச ஆணையை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது தொலைவில் ஊதுகொம்பு ஒலிக்கிறது. அதன்பின் அந்தத் தாயாக நடித்த கினுயோ தனாகா ஓடுகிறார். கொடியசைக்கும் கூட்டத்தில் இடிபட்டு, அணிவகுப்பில் மகனைத் தேடிக் கண்டு, கூடவே ஓடி, விழுந்து எழுந்து, கடைசியில் கைகூப்பி நிற்கிறார். மகன் முகம் தெரிந்த கணத்தில், பக்கத்து இருக்கையில் இருந்த என் அம்மா என் மணிக்கட்டைப் பற்றினார்; விளக்குகள் எரிந்த பிறகே விட்டார். இதை எப்படிப் பிரசாரப் படம் என்பது?

இரண்டாம் பதிவு

தாராளமாகச் சொல்லலாம். இக்காட்சியை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, ஒரே மகனை வேல் கொடுத்து அனுப்பிய புறநானூற்றுத் தாயை அப்போதுதான் படித்திருந்த மாணவி ஒருத்தி, “இவரும் தடுக்கவில்லையே ஐயா, கும்பிடத்தானே செய்கிறார்?” என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. அழுதுகொண்டே கொடுப்பதுதான் பெரிய தியாகம் என்று அன்றைய பார்வையாளர் பலர் எடுத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் அம்மாவின் கை உண்மைதான். அதனால் படத்தின் நோக்கம் மாறிவிடாது.

மூன்றாம் பதிவு

என் அனுபவம் சிறியது, அதுவும் வேறு படம். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் நடந்தே ஊர் திரும்பிய என் தாத்தா, ‘பர்மா ராணி’ என்ற தமிழ்ப் போர்ப்படத்தில் அதன் இயக்குநர் டி. ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக வந்தபோது சிரித்தார். திரையில் விமானம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டாம் பதிவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராணுவமும் அந்த அழுகையைத் தியாகமாகவே எடுத்துக்கொண்டிருந்தால், கினோஷிதாவின் அடுத்த படம் 1946வரை வராமல் போயிருக்குமா? தயவுசெய்து இக்காட்சியை மட்டும் வெட்டி வகுப்பில் காட்டாதீர்கள். முழுப் படத்தையும் போடுங்கள். சலிப்பாக இருக்கிறதென்று நடுப்பகுதியை ஓட்டிவிடாதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜப்பான்மீது படையெடுத்த மங்கோலியரின் கப்பல்களை அழித்த அந்தப் புயல் வீசாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பேச்சு வந்து, சிஷு ர்யூ நடித்த தந்தை கொதித்தெழும் இடம் அங்கேதான் இருக்கிறது. அவர் கோபம் ராணுவத்திற்கு இனித்திருக்கும். ஆனால், தோல்வி நெருங்கிவிட்ட 1944இன் இறுதியில், ஜப்பானியத் திரையரங்குகளில் அந்தக் கேள்வியும் உரக்கவே கேட்டிருக்கிறது.