டேங்க் கழுவிய பிறகு சிங்க் குழாயில் மட்டும் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது

சேலையூர் முதல் மாடி:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி டேங்கைக் கழுவினோம். அன்று சாயங்காலத்திலிருந்து சமையலறை சிங்க் குழாயில் தண்ணீர் சன்னமாகத்தான் விழுகிறது. ஒரு லிட்டர் சொம்பு நிறைய 50 விநாடி ஆகிறது. குளியலறையிலும் வாஷ்பேசினிலும் பழைய வேகம் அப்படியே இருக்கிறது.

எங்களுக்கு போர் தண்ணீர், உப்பு அதிகம். குழாய் நுனியில் இருக்கும் நுரை மூடியைக் கழற்றினேன். வலை முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். ஆனால் மூடியே இல்லாமல் திறந்தாலும் அதே சன்னம்தான்.

வந்து பார்த்த பிளம்பர், குழாயை மாற்றி, சுவருக்குள் இருக்கும் லைனையும் உடைத்துப் பார்க்கணும் என்கிறார். வாடகை வீடு, டைல்ஸை உடைக்க வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? அம்மாவுக்கு 71 வயது. நான் வேலைக்குப் போனதும் அவர்தான் பாத்திரம் தேய்க்கிறார். முட்டி வலியோடு சிங்க் முன்னால் இவ்வளவு நேரம் நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உடைப்பதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

உப்புத் தண்ணீர்க்காரர்:

நுரை மூடியை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள், மிச்ச உப்பும் கரைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் சரிதான். டாய்லெட் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம், மேல் பூச்சு போய்விடும்.

பிளம்பிங் 22 வருடம்:

வணக்கம்மா. மூடி இல்லாமலும் சன்னமாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. அடைப்பு நுனியில் இல்லை, கீழே எங்கேயோ இருக்கிறது. டேங்க் கழுவின அன்றே ஆரம்பித்தது என்பதால் உப்பைவிட எனக்கு வண்டல் மேல்தான் சந்தேகம். அடியில் படிந்திருந்ததைக் கலக்கிவிட்டு வால்வைத் திறந்தால் அது நேராக லைனில் இறங்கும். குளியலறைக் குழாய் வாய் அகலம், மண் வெளியே போய்விடும். சிங்க் குழாய்க்குப் போகிற கனெக்‌ஷன் டியூபில் உள் ஓட்டை சுண்டுவிரல்கூட நுழையாத அளவு. அங்கேதான் மாட்டும்.

சிங்க்குக்கு அடியில் சுவரோரம் ஆங்கிள் காக் இருக்கும், சிங்க் குழாய்க்குப் போகிற தண்ணீரை மூடித் திறக்கிற சின்ன வால்வு. முதலில் அது முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் கழுவும்போது யாராவது மூடி, அப்புறம் பாதி திறந்து விட்டிருக்கலாம். அது சரியாக இருந்தால் அதை மூடிவிட்டு, டியூபைக் காக்கிலிருந்து கழற்றுங்கள். காக்கின் வாய்க்கு நேராக பக்கெட்டைப் பிடித்து மெதுவாகத் திறங்கள். இங்கே வேகமாக வந்தால் சுவருக்குள் ஒரு குறையும் இல்லை, டைல்ஸைத் தொட வேண்டாம். டியூபிலோ குழாய்க்குள்ளேயோதான் அடைப்பு. இங்கேயே சன்னமாக வந்தால் ஆங்கிள் காக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதைக் கழற்றுவதற்கு முன்னால் மொட்டைமாடியில் டேங்க் வால்வை மூடணும், அதனால் அதை ஆளை வைத்துச் செய்யுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். டியூப் நட்டை ஸ்பேனரால் திருப்பும்போது இன்னொரு கையால் காக்கின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகத் தொடாத காக்கும் சேர்ந்து திரும்பினால் சுவருக்குள் இருக்கிற நிப்பிள், அதாவது காக்கை லைனோடு சேர்க்கிற சின்னக் குழாய்த் துண்டு, உடைந்துவிடும். அப்புறம் நிஜமாகவே டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். காக்கே மூட முடியாமல் இறுகியிருந்தால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது மாடி:

எங்கள் வீட்டில் டேங்க் கழுவிய பிறகு எல்லாக் குழாயிலும் வேகம் குறைந்தது. அது லைனில் காற்று அடைத்ததால். கீழ் மட்டத்தில் இருக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டதும், சீறிச் சீறி வந்து சரியானது. உங்களுக்கு ஒரே குழாயில் மட்டும் என்பதால் இது இல்லை என்று நினைக்கிறேன்.

சேலையூர் முதல் மாடி:

அண்ணா, இன்று காலை செய்து பார்த்தேன். ஆங்கிள் காக்கிலிருந்து பக்கெட்டில் அப்படி ஒரு வேகம்! சுவர் தப்பித்தது. டியூபைத் தலைகீழாகத் தட்டினேன், காப்பித்தூள் மாதிரி வண்டலும் கசியாமல் இருக்க மரையில் சுற்றுவார்களே, அந்த டெஃப்லான் டேப் சுருண்டுபோன துண்டு ஒன்றும் விழுந்தன. மேல் பக்கமிருந்து தண்ணீர் விட்டு அலசிவிட்டு, வாஷரைத் துடைத்து மாட்டினேன். நுரை மூடியைப் போடாமலே குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் மூடியைப் போட்டேன். இப்போது அதே சொம்பு 11 விநாடியில் நிறைகிறது. அம்மா வந்து இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, உங்களுக்கு ரொம்ப நன்றி அண்ணா.

டியூப் நட்டில் மட்டும் லேசாக ஈரம் கசிகிறது. டெஃப்லான் சுற்றவா?

பிளம்பிங் 22 வருடம்:

ரொம்ப சந்தோஷம்மா. அந்த நட்டுக்கு டெஃப்லான் வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான் தண்ணீரை அடைக்கும். காக்கை மூடி, கழற்றி, வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும். வாஷர் தட்டையாகிப் போயிருந்தால் ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் டியூப் வாஷர் என்று கேளுங்கள். அடுத்த தடவை டேங்க் கழுவும்போது சிங்க் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, குளியலறைக் குழாயில் தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டுவிட்டு, கடைசியாகத் திறங்கள்.